ராம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வரியைப் படிங்க



ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சாயங்காலம். கடையை மூடலாம்னு ஷட்டர்ல கை வெச்ச நேரம் ஒரு அக்கா மகளோட வந்தாங்க. அக்காவுக்குத் தையல் வேலை. வீட்டு முன்னறையிலயே மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறவங்க. பொண்ணு பி.சி.ஏ. ரெண்டாவது வருஷம். ஒரு பழைய லேப்டாப்பைத் துண்டுல சுத்தி, துணிப்பையில வெச்சு, குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி கொண்டு வந்தாங்க.

"தம்பி, இதுக்கு ராம் போடணுமாம். எட்டு ஜிபி. ஒரு கடையில விலை கேட்டுட்டுத்தான் வர்றோம். உங்ககிட்ட கொஞ்சம் கொறைச்சுக் கிடைக்குமா?"

"போட்டுடலாம்க்கா. இப்ப உள்ள எவ்வளவு இருக்கு?"

"256 இருக்குன்னு சொல்லித்தான் வித்தாங்க."

பொண்ணு பக்கத்துல நின்னு, "அம்மா, அது வேற"ன்னு மெதுவா சொல்லுச்சு. எது வேற, எப்படி வேறன்னு அம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்ல அதுக்கும் வரல. அக்கா கையில சீட்டுப் பணம். அன்னைக்குத்தான் எடுத்திருக்காங்க.

அந்தப் பணத்துக்கு அன்னைக்கு வேலையே இல்லாமப் போச்சு. அது எப்படின்னு சொல்லத்தான் இன்னைக்கு உட்கார்ந்திருக்கேன். உங்க வீட்டு லேப்டாப்புல ராம் எவ்வளவு இருக்குன்னு பார்க்க அஞ்சு நிமிஷம் போதும், யாருக்கும் காசு குடுக்க வேண்டாம். ஆனா அந்த அஞ்சு நிமிஷத்துல ஒரு எண்ணை மட்டும் பார்த்துட்டு விட்டுடக் கூடாது. பக்கத்துல இன்னொரு எண் இருக்கும். அக்காவோட பணத்தைக் காப்பாத்தினது அந்த ரெண்டாவது எண்தான்.

முதல்ல அந்த 256 விஷயத்தைப் பேசிடுவோம். ஏன்னா குழப்பமெல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் மெமரின்னு ஒரே வார்த்தை. போன்ல போட்டோ எடுக்க இடம் இல்லேன்னாலும் மெமரி ஃபுல்லுங்கறோம். மெமரி கார்டுங்கறோம். லேப்டாப் ஹேங் ஆனாலும் மெமரி பத்தலைங்கறோம். ரெண்டும் வேற வேற சாமான்.

அக்காகிட்ட நான் இப்படிச் சொன்னேன்: "உங்க வீட்ல துணியெல்லாம் அடுக்கி வெச்சிருக்கற பீரோ இருக்கில்ல, அதுதான் இந்த 256. நீங்க துணி வெட்டற மேசை இருக்கு பாருங்க, அதுதான் ராம்." அவங்களுக்கு உடனே பிடிபட்டுச்சு. பீரோ எவ்வளவு பெருசா இருந்தாலும் வெட்டற வேலை மேசை மேலதானே நடக்கணும்? மேசை சின்னதா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஒரு துணியை விரிச்சு, பாதி வெட்டி, இடம் பத்தாம மடிச்சு பீரோவுல வெச்சுட்டு, அடுத்ததை எடுத்து விரிச்சு, மறுபடி முதல் துணியைத் தேடி எடுத்துன்னு அலைவீங்க. லேப்டாப்பும் அதையேதான் பண்ணும். ராம்ல இடம் பத்தலேன்னா அதுல இருக்கறதைக் கொஞ்சம் கொஞ்சமா டிஸ்க்குக்குத் தள்ளும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா இந்த அலைச்சலே நிமிஷக் கணக்குல போகும். கீழ சின்ன விளக்கு விடாம மினுக்கிட்டே இருக்கும், மவுஸ் அம்புக்குறி அசையாது. ஹேங் ஆயிடுச்சுன்னு நாம சொல்றது பெரும்பாலும் இதைத்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பீரோவுல வெச்சது அங்கயே இருக்கும். மேசை மேல இருக்கறது கரண்ட் போனா காணாமப் போயிடும். ராம் சிப்புக்குள்ள ஒவ்வொரு தகவல் துளியும் கண்ணுக்கே தெரியாத ஒரு கெப்பாசிட்டர்ல மின்சாரமா நிக்குது. ஓட்டைக் குடத்துத் தண்ணி மாதிரி அது கசிஞ்சுகிட்டே இருக்கும். அதனால பொதுவா 64 மில்லி செகண்டுக்குள்ள ஒரு தடவை எல்லாத்தையும் படிச்சு மறுபடி நிரப்பணும். இந்த அமைப்பை யோசிச்சவர் ஐபிஎம் கம்பெனியில வேலை பார்த்த ராபர்ட் டெனார்ட். 1966ல தோணின யோசனை, 1968ல காப்புரிமை வாங்கினார். இன்னைக்கும் உங்க லேப்டாப், உங்க போன் எல்லாத்துலயும் ஓடறது அடிப்படையில அதே வழிதான். பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்புல ப்ராஜெக்ட் டைப் பண்ற பிள்ளைங்க பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் சேவ் பண்ணுங்கன்னு நான் சொல்லிட்டே இருக்கறதுக்கு இதுதான் காரணம். சேவ் பண்ணினாத்தான் மேசையில இருக்கறது பீரோவுக்குப் போகும்.

சரி, எவ்வளவு இருக்குன்னு பார்க்கற வழிக்கு வருவோம். லேப்டாப்பைப் பக்கத்துல வெச்சுகிட்டே கேளுங்க.

விண்டோஸ் 10 அல்லது 11ன்னா, கீபோர்டுல நாலு ஜன்னல் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடிச்சுகிட்டே ஐ எழுத்தைத் தட்டுங்க. செட்டிங்ஸ் திறக்கும். அதுல சிஸ்டம், அதுக்குள்ள கடைசியா கீழே இறங்கினா அபௌட். திறந்தா ப்ராசசர் பேருக்குப் பக்கத்துலயோ கீழயோ இன்ஸ்டால்டு ராம்னு ஒரு வரி வரும். அந்த வரியை முழுசாப் படிங்க. 8.00 ஜிபின்னு பார்த்ததும் மூடிடாதீங்க. அதே வரியில அடைப்புக்குறிக்குள்ள இன்னொரு எண் இருக்கும், யூசபிள்னு போட்டிருக்கும். முதல் எண், உள்ள மாட்டியிருக்கறது எவ்வளவுன்னு சொல்லுது. ரெண்டாவது எண், அதுல விண்டோஸ் எடுத்துப் பயன்படுத்த முடிஞ்சது எவ்வளவுன்னு சொல்லுது.

அக்கா லேப்டாப்புல நான் பார்த்தப்போ 8.00 ஜிபி, அடைப்புக்குறிக்குள்ள 2.97 ஜிபி யூசபிள்.

எட்டு இருக்கு. மூணு கூட வேலை செய்யல. வெட்டற மேசை எட்டடி நீளம், அதுல அஞ்சடியைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி வெச்சிருக்கு. விலை கேட்ட கடையில அந்த லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கல. மெதுவா ஓடுதுன்னு இவங்க சொன்னதும் அவங்க ராம் போடணும்னு சொல்லிட்டாங்க, அவ்வளவுதான். அங்கயே எட்டு ஜிபி வாங்கி மாட்டியிருந்தா முதல் எண் மட்டும் கூடியிருக்கும். அடைப்புக்குறிக்குள்ள அதே 2.97 இருந்திருக்கும். லேப்டாப்பும் அதே மாதிரிதான் ஹேங் ஆகியிருக்கும்.

காரணம் அதே பக்கத்துல, கொஞ்சம் கீழ எழுதியிருந்துச்சு. சிஸ்டம் டைப்புன்னு ஒரு வரி: 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசசர். அதாவது ப்ராசசர் 64 பிட், அதுமேல போட்டிருக்கற விண்டோஸ் 32 பிட்.

இதைக் கொஞ்சம் நின்னு புரிஞ்சுக்கோங்க. ராம்ல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கதவு எண் உண்டு. 32 பிட் விண்டோஸ் அந்தக் கதவு எண்ணை எழுத 32 கட்டம்தான் வெச்சிருக்கு, ஒவ்வொரு கட்டத்துலயும் பூஜ்யம் இல்லேன்னா ஒண்ணு. அப்படி எத்தனை எண் எழுத முடியும்னு கணக்குப் போட்டா 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் வரும். அது சரியா 4 ஜிபி. அதுக்கு மேல இருக்கற வீட்டுக்கு எண்ணே கிடையாது, அதனால தபால் போகாது. அந்த நாலுக்குள்ளயும் திரைக்கான கிராபிக்ஸ் மாதிரி மத்த பாகங்களுக்குக் கொஞ்சம் எண்ணை ஒதுக்கிடும். மிச்சம் மூணோ மூணேகாலோதான் நமக்கு. முன்னாடி அந்த லேப்டாப்பை வெச்சிருந்தவரு 4 ஜிபியோட 32 பிட் விண்டோஸ் போட்டு ஓட்டியிருக்கணும். விக்கும்போது யாரோ இன்னொரு 4 ஜிபி மாட்டிட்டு, விண்டோஸை மாத்தாம விட்டிருக்காங்க.

அதுக்கு மருந்து 64 பிட் விண்டோஸைப் புதுசாப் போடறது. பழசு மேலயே அப்டேட் பண்ற மாதிரி 32ல இருந்து 64க்குத் தாவ முடியாது. எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு, துடைச்சுட்டு, முதல்ல இருந்து போடணும். அதனால பாப்பாகிட்ட, "உன் ஃபைல் எல்லாத்தையும் பென்டிரைவ்ல எடுத்து வெச்சுட்டு நாளைக்குக் கொண்டு வாம்மா"ன்னு சொல்லி அனுப்பினேன். விண்டோஸ் லைசென்சும் புதுசா வாங்கத் தேவையில்லை, அதே லைசென்ஸ் ரெண்டுக்கும் செல்லும். இப்ப 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்னுடுச்சு. அதனால இன்னைக்கு அதே நிலைமையில ஒருத்தர் வந்தா முதல்ல அது விண்டோஸ் 11 ஏத்துக்குமான்னு பார்ப்பேன். ஏத்துக்காத பழைய லேப்டாப்புன்னா லினக்ஸ் மின்ட் போட்டுத் தருவேன். விண்டோஸ் 11 வர்றதே 64 பிட்ல மட்டும்தான், அதனால அதுல இந்தத் தொல்லை கிடையாது.

ரெண்டு எண்ணுக்கும் நடுவுல கொஞ்சம் வித்தியாசம் இருந்தா பயப்படாதீங்க. 8.00 இருக்கற இடத்துல 7.8, 7.7ன்னு காட்டறது சாதாரணம். ஏஎம்டி ப்ராசசர் லேப்டாப்புல கிராபிக்ஸுக்குன்னு அரை ஜிபியில இருந்து 2 ஜிபி வரைக்கும்கூட எடுத்து வெச்சுக்கும். அதுல 5.9ன்னு பார்த்தாலும் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை. எண் பாதிக்குப் பாதியா விழுந்தாத்தான் விசாரிக்கணும். முதல்ல சிஸ்டம் டைப்புல 32 பிட்டான்னு பாருங்க. இல்லேன்னா விண்டோஸ் பொத்தானோட ஆர் தட்டி, வர்ற சின்னக் கட்டத்துல எம் எஸ் சி ஓ என் எஃப் ஐ ஜின்னு டைப் பண்ணி என்டர் குடுங்க. பூட்ங்கற பக்கத்துல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அதுக்குள்ள மேக்ஸிமம் மெமரின்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் இருந்தா எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து லேப்டாப் வேகமாகும்னு நினைச்சு அதுல டிக் போட்டு வெச்சிருக்கறவங்க நிறைய பேர். அது வேகத்தைக் கூட்டற இடமே இல்லை, வரம்பு போடற இடம்.

முதல் எண்ணே குறைஞ்சு போச்சுன்னா அது வேற கதை. நேத்து வரைக்கும் 8 காட்டினது இன்னைக்கு 4 காட்டுதுன்னா, ரெண்டு ராம்ல ஒண்ணை லேப்டாப்பு பார்க்கல. ஸ்லாட்ல தளர்ந்திருக்கலாம், தூசி ஏறியிருக்கலாம். கடலோர ஊர்ல உப்புக்காத்துக்கு அந்தத் தங்கநிறப் பல்லு மங்கிப் போறதும் உண்டு. மெக்கானிக்குங்க அதை பள்ளிக்கூடப் பிள்ளைங்க வெச்சிருக்கற வெள்ளை ரப்பரால மெதுவா அழிச்சு, தூசியைத் தட்டிட்டு மறுபடி மாட்டுவாங்க. புது ராம் வாங்கச் சொல்றதுக்கு முன்னாடி ரப்பர் போட்டுப் பார்த்தீங்களான்னு தாராளமாக் கேளுங்க.

அடுத்து, எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் போய் மெமரியைத் தொடுங்க. ஒரு கோடு ஓடிட்டு இருக்கும். வலது மேல் மூலையில மொத்த ராம். கீழே இன் யூஸ், அதாவது இப்ப எவ்வளவு செலவாகுது. அவெய்லபிள், அதாவது எவ்வளவு மிச்சம். பக்கத்துல வேகம், ஸ்லாட்ஸ் யூஸ்டு, ஃபார்ம் ஃபேக்டர், ஹார்டுவேர் ரிசர்வ்டுன்னு வரிசையா இருக்கும். அக்கா லேப்டாப்புல ஹார்டுவேர் ரிசர்வ்டுல 5.0 ஜிபின்னு நின்னுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் போன அஞ்சடி அதுதான்.

இந்தப் பக்கத்தை சும்மா லேப்டாப்பை ஆன் பண்ணின உடனே பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. அந்த லேப்டாப்பை எந்த வேலைக்கு வாங்கினீங்களோ அந்த வேலை ஓடும்போது பாருங்க. பிள்ளை ஆன்லைன் வகுப்புல இருக்கு, கூடவே பிடிஎஃப் திறந்திருக்கு, குரோம்ல பத்துப் பன்னெண்டு டேப் இருக்குன்னா, அதையெல்லாம் அப்படியே வெச்சுட்டு டாஸ்க் மேனேஜரைத் திறங்க. 8ல 5, 5.5 போகுதுன்னா ராம் போதும், மந்தத்துக்குக் காரணம் வேற எங்கயோ இருக்கு. 8ல 7.4, 7.5லயே ஒட்டிட்டு நிக்குது, இடதுபக்கம் டிஸ்க்ங்கற வரியும் 100 சதவீதத்துல நிக்குதுன்னா மேசை நிறைஞ்சு பீரோவுக்கு ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம். இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் ராம் வாங்கறதைப் பத்தி யோசிக்கணும்.

இன்னொன்னு. ராம் காலியா இருக்கணும்னு அவசியமில்லை. ஒண்ணுமே திறக்காதப்பவும் பாதி செலவாயிட்டிருக்கேன்னு சிலர் பதறி, ராம் க்ளீனர்னு எதையாவது டவுன்லோட் பண்றாங்க. வேண்டாங்க. மேசை சும்மா இருக்கற நேரத்துல, அடுத்து நீங்க கேப்பீங்கன்னு தெரிஞ்சதை விண்டோஸே எடுத்து விரிச்சு வெச்சுக்கும். கேஷ்டுன்னு அதைத் தனியா காட்டும். உங்களுக்கு இடம் வேணும்னா அதுவே உடனே விட்டுக் குடுக்கும். க்ளீனர் அதைத் துடைச்சு எறிஞ்சா, திரும்ப பீரோவுல இருந்து எடுக்கற வேலைதான் கூடும். ராமை யாரு தின்னறாங்கன்னு பார்க்கணுமா? டாஸ்க் மேனேஜர்ல ப்ராசசஸ் பக்கத்துல மெமரிங்கற தலைப்பைத் தொடுங்க, அதிகம் எடுக்கறது மேல வரும். குரோமுக்குள்ள எந்த டேப்னு பார்க்க, குரோமைத் திறந்து வெச்சுட்டு ஷிஃப்ட் எஸ்கேப். நிறைய வீட்ல ராம் பிரச்சினை அங்கயே தீர்ந்துடும்.

சரி, எவ்வளவு இருந்தா போதும்? விண்டோஸ் 11க்கு 4 ஜிபி குறைஞ்சபட்சம்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுது. அது விண்டோஸ் ஏறுறதுக்கான அளவு. அதுல ஒரு பிள்ளை படிக்க முடியும்னு நான் சொல்ல மாட்டேன். ஸ்கூல், ஆர்ட்ஸ் காலேஜ், ஆபீஸ் வேலைக்கு 8 இருந்தா நிம்மதி. கோடிங், வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, ஆட்டோகேட்னு போற பிள்ளைக்கு 16. புதுசா வாங்கறவங்க 16ஐயே குறி வைங்க. ஆப்பிள் பல வருஷமா 8 ஜிபில ஆரம்பிச்ச மேக்புக் ஏரை 2024 அக்டோபர்ல 16ல இருந்துதான் ஆரம்பிக்குதுன்னு மாத்திட்டாங்க. காலம் எந்தப் பக்கம் போகுதுன்னு அதுலயே தெரியும்.

நம்ம வீடுகள்ல இன்னொரு வகை இருக்கு. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாட்டுல தொடங்கின விலையில்லா லேப்டாப் திட்டத்துல வந்தது. ஆரம்ப வருஷத்துல வந்ததுல 2 ஜிபி ராம்தான். அண்ணன் படிச்சு முடிச்சு, பீரோ மேல தூங்கிட்டு இருக்கும். அதைத் தங்கச்சிக்கு எடுத்துக் குடுக்கலாமான்னு என்னைக் கேக்கறவங்க நிறைய. டைப்பிங் பழக, பாட்டுக் கேக்க, பிடிஎஃப் படிக்கலாம். இன்னைக்கு இருக்கற பிரவுசர்ல வகுப்பு பார்க்கறதுக்கு அதைக் குடுத்து பிள்ளையைச் சோதிக்காதீங்க. வகுப்பு நின்னு நின்னு ஓடும்போது தனக்குத்தான் புரியலைன்னு அந்தப் பிள்ளை நினைச்சுக்கும். அதைப் பல பேர்கிட்ட நான் பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்களுக்கு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போங்க, உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போங்க, எங்க போனாலும் ஸ்டிக்கரைப் படிச்சு வாங்காதீங்க. ஸ்டிக்கர் அந்த லேப்டாப்பு ஃபேக்டரியை விட்டு வந்தப்ப ஒட்டினது. நடுவுல எத்தனை கை மாறியிருக்கு, யார் எதைக் கழட்டினாங்கன்னு அதுக்குத் தெரியாது. கடையிலயே ஆன் பண்ணச் சொல்லி, நான் சொன்ன ரெண்டு பக்கத்தையும் நீங்களே திறந்து பாருங்க. நல்ல கடைக்காரர் ஒருத்தரும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. விண்டோஸ் இல்லாம விக்கறாங்கன்னா பயாஸ்ல பாருங்க. பவர் பட்டனைத் தட்டின உடனே டெல், ஏசர், ஆசுஸ்ல எஃப்2, ஹெச்பில எஃப்10, லெனோவோல எஃப்1 அல்லது எஃப்2ன்னு விடாமத் தட்டினா ஒரு பக்கம் வரும். அதுல மெமரி எவ்வளவுன்னு எழுதியிருக்கும்.

2018, 19 வாக்குல வந்த லேப்டாப்புல ஒரு விஷயத்தைக் கவனிங்க. இன்டெல் ஆப்டேன் மெமரின்னு ஸ்டிக்கர் இருக்கும், 16 ஜிபின்னு போட்டிருக்கும். அது ராம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை வேகமாக்கப் பக்கத்துல வெச்ச ஒரு சின்னச் சேமிப்பு. 4 ஜிபி ராமும் 16 ஜிபி ஆப்டேனும் இருக்கறதை மொத்தம் 20ன்னு கூட்டி யாராவது சொன்னா, இன்ஸ்டால்டு ராம் வரியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. அதுல 4தான் வரும்.

எல்லாம் பார்த்தாச்சு, நிஜமாவே ராம் பத்தலை, வாங்கித்தான் ஆகணும்னு வெச்சுக்கோங்க. மறுபடி டாஸ்க் மேனேஜர் பக்கத்துக்கு வாங்க. ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2ன்னா ஒரு ஸ்லாட் காலி, இன்னொண்ணு போடலாம். 2 ஆஃப் 2ன்னா ஒண்ணைக் கழட்டிட்டுத்தான் பெருசு போட முடியும். ஃபார்ம் ஃபேக்டர்ல சோடிம்னு இருந்தா கழட்டி மாட்டற வகை. ரோ ஆஃப் சிப்ஸ்னு இருந்தா மதர்போர்டுலயே ஈயத்தால பத்தவெச்சது, மாத்த முடியாது. மெல்லிசான லேப்டாப்புல இப்ப பெரும்பாலும் அப்படித்தான். ஒண்ணு பத்தவெச்சதும் ஒண்ணு மாட்டறதுமா கலந்தும் வரும். அதனால உங்க மாடல் பேரை வெச்சு கம்பெனியோட கையேட்டுல, ஸ்லாட் எத்தனை, அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏத்துக்கும்னு பார்த்துடுங்க.

அப்புறம் டிடிஆர் எண். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5ன்னு தலைமுறை. ஒண்ணு இன்னொண்ணோட இடத்துல உட்காராது. லேப்டாப் ராம்ல டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. நடுவுல இருக்கற வெட்டும் இடம் மாறும். உட்காரலேன்னா அமுக்காதீங்க, அது உங்க லேப்டாப்புக்கானது இல்லை. டிடிஆர்3ல மட்டும் கடைசியில எல் போட்டது, போடாததுன்னு ரெண்டு. எல் போட்டது 1.35 வோல்ட்டு, போடாதது 1.5. எல் கேக்கற லேப்டாப்புல எல் இல்லாததை மாட்டினா ஆன் ஆகாமலே போகலாம். கடைக்குப் போகும்போது பழைய ராமை போட்டோ எடுத்துட்டுப் போங்க, அதுமேல இருக்கற ஸ்டிக்கர்ல எல்லாம் எழுதியிருக்கும்.

கடைக்காரர் மாட்டும்போது சார்ஜரை எடுத்தாச்சான்னு பாருங்க, உள்ள பேட்டரி இணைப்பையும் கழட்டினாரான்னு பாருங்க. மாட்டின பிறகு அவர் கடையிலயே அபௌட் பக்கத்தைத் திறந்து ரெண்டு எண்ணையும் பார்த்துட்டுத்தான் காசு குடுக்கணும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 2025 கடைசியில இருந்து ராம் விலை பயங்கரமா ஏறியிருக்கு. ஏஐக்காகக் கட்டற பெரிய டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்பை அள்ளிட்டுப் போறாங்க, நமக்கு வர்றது சுருங்கிப் போச்சு. தேவையில்லாம வாங்கற ஒரு ராம் இப்ப ஒரு குடும்பத்தோட மளிகைச் செலவு.

விண்டோஸ் இல்லாதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்றேன். மேக்ல இடது மேல் மூலை ஆப்பிள் படம், அதுல அபௌட் திஸ் மேக், மெமரின்னு ஒரே வரி. 2020ல வந்த எம்1ல இருந்து எந்த மேக்புக்லயும் பின்னாடி ராம் ஏத்த முடியாது, அதனால வாங்கும்போதே யோசிச்சு வாங்கணும். லினக்ஸ்னா டெர்மினலைத் திறந்து எஃப் ஆர் இ இ, ஒரு இடைவெளி, சின்னக் கோடு, ஹெச். மொத்தம், செலவு, மிச்சம் மூணும் வரும். அதுல ஃப்ரீங்கறதைப் பார்க்காதீங்க, அவெய்லபிள்ங்கறதைப் பாருங்க. குரோம்புக்ல டயக்னாஸ்டிக்ஸ்னு ஒரு ஆப் இருக்கும், அதுல மெமரி.

அக்கா விஷயத்துக்கு வர்றேன். மறுநாள் காலையில பாப்பா மட்டும் வந்துச்சு, பென்டிரைவ்ல எல்லாத்தையும் எடுத்துட்டு. 64 பிட் போட்டு, டிரைவரெல்லாம் ஏத்தி முடிக்க மத்தியானம் ஆச்சு. "நீயே பாரும்மா"ன்னு லேப்டாப்பை அது பக்கம் திருப்பினேன். விண்டோஸ் பொத்தானும் ஐயும் அதுவே அழுத்தி, சிஸ்டம் போய், அபௌட் போய், வரியை வாய்விட்டுப் படிச்சுச்சு. 8.00 ஜிபி, 7.88 யூசபிள்.

அப்புறம் என் மேசையில இருந்த பேப்பர் டேப்பை ஒரு துண்டு கிழிச்சுக் கேட்டுச்சு. அதுல பேனாவால ராம் 8, ரெண்டு ஸ்லாட்டும் ஃபுல், டிடிஆர்3 எல், அன்னைக்குத் தேதின்னு எழுதி, லேப்டாப்பைத் திருப்பி அடியில ஒட்டிச்சு. "அம்மா யார்கிட்டயாவது கொண்டு போனா இதைக் காட்டட்டும்ணா"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அன்னையில இருந்து என் கடைக்கு வர்ற ஒவ்வொரு லேப்டாப்புக்கும் அடியில ஒரு துண்டு ஒட்டித்தான் குடுக்கறேன்.